பத்தாயிரம் குலுக்கல்களும் ஓர் ‘இருக்கட்டும்’மும்

எனக்கு முன்வரிசையில் இருந்த வியாபாரி ஓர் ஏலக்காயை நகத்தால் கீறி, மோந்து பார்த்து, முகம் சுளித்துத் தரையில் போட்டார். போடி ஏல மையத்தில் தரை எப்போதும் அப்படித்தான் கிடக்கும். நடந்தால் செருப்படியில் காய் நொறுங்கி மணக்கும். எதிரே பெரிய திரையில் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வியாபாரி முன்னாலும் ஒரு சின்னக் கணினி. ஒரு தட்டுத் தட்டினால் விலை ஒரு படி ஏறும். தட்டல்கள் ஓய்ந்ததும் கடைசி விலை மட்டும் ஒரு கணம் நிற்கும். உடனே அடுத்தவர் சரக்கு, அடுத்த லாட்டு, வந்துவிடும்.

பக்கத்தில் இருந்த அப்பாவிடம் கேட்டேன்.

“ஏம்ப்பா, ஒரு லாட்டுக்குக் கீழ கேட்ட விலையெல்லாம் யாராச்சும் ஞாபகம் வச்சுக்கிருவாகளா?”

“எதுக்குத்தா? எது உச்சமோ அதுதான் அந்த லாட்டோட வெல. மத்ததெல்லாம் சத்தம்.”

நான் எழுந்துவிட்டேன்.

“ஏ, எங்க எந்திரிச்சுப் போற? அடுத்தது நம்ம லாட்டு!”

“தேனிக்குப்பா. ஆபீசுக்கு.”

“இன்னைக்கு லீவுன்னுல்ல சொன்ன?”

தேனி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அப்பா சொன்னதையே திரும்பச் சொல்லிப்பார்த்தேன். ‘மத்ததெல்லாம் சத்தம்.’ எங்கள் துறையில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்துக்கும் அதே பெயர்தான், ஆங்கிலத்தில். மாதக்கணக்கில் நாங்கள் டிஸ்க் டிஸ்க்காக நிரப்பிக்கொண்டிருந்தது முழுக்கச் சத்தம். அதில் வேண்டியது ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் எண். உச்சம்.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். எனக்கு முப்பத்தைந்து வயது. ஆனாலும் நான் ஓய்வுபெற்றவள்தான். எங்கள் ஆய்வுப் பிரிவை மூடியபோது சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், கண்கலங்கினார்கள். வேறென்ன வேண்டும்? போன மாதம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “அக்கா, டிஸ்க் பத்தலன்னா கிளவுட்ல போட்டுட்டுப் போயிரலாமே? இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை. இடம் தட்டுப்பாடாக இருந்ததால்தான் எதை வைப்பது, எதை விடுவது என்று நாங்கள் யோசித்தோம். இடம் கொட்டிக் கிடந்திருந்தால் யோசித்தே இருக்க மாட்டோம். அவளுக்கு அங்கேயே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

படித்தது மதுரையில், கணினிப் பொறியியல். பெங்களூரில் இரண்டு வருடம் ஒரு கம்பெனிக்காகப் பொத்தான்களின் நிறம் மாற்றினேன். நிறம் மாற்றி மாற்றி அலுத்துப்போய், மூளைப் படங்களைக் கணக்குப் போடும் ஒரு படிப்பை இணையத்தில் இரவல் பாஸ்வேர்டில் படித்து முடித்தேன். அந்த நேரம் பார்த்துத் தேனியில் ஓர் ஆய்வுப் பிரிவுக்கு ஆள் தேடினார்கள். என் படிப்புக் கதை அவ்வளவுதான்.

பிரிவு என்றால் பெரியகுளம் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. ஆள் மூன்று பேர். டாக்டர் ஆரோக்கியமேரி, எல்லோருக்கும் மேரி மேடம். கணினிகளைப் பார்த்துக்கொள்ள உத்தமபாளையத்து சலீம். கணக்குப் போட நான், ஜெபா. மேடம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பழைய மிஷன் கிராமத்துக்காரர். வெளியூர்களில் பல வருடம் ஸ்கேன் பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியவர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டுவார். படம் பார்க்கும்போது அது மேசையில் தட்டாமலிருக்க அப்படி ஒரு பழக்கம். கோபம் வந்தால் குரல் தணியும். அன்பு வந்தால் என்னை ‘ஆத்தா’ என்பார்.

ஆய்வு இதுதான். பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்குப் பிசியோதெரபி கொடுக்கிறோம். தேவாரத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து அதை நடத்தியது முத்துலட்சுமி என்ற பிசியோதெரபிஸ்ட்; எங்களுக்கு முத்தக்கா. விரல் பயிற்சிக்கு வெளிநாட்டு மரக்குச்சிப் பலகை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நோயாளிகள் அதைத் தொடவே அலுத்துக்கொண்டார்கள். “புள்ளைங்க வெளையாட்டுச் சாமானை எங்கிட்ட குடுத்தா?” என்று ஒருவர் தள்ளிவிட்டாராம். முத்தக்கா ஒரு முறத்தில் ஏலக்காயைக் கொட்டி, “பெருசு தனியா, பொடிசு தனியாப் பிரிச்சுக் குடுங்க” என்று வைத்திருக்கிறார். வேலையென்று வைத்ததும் கை நீண்டது. இந்தப் பக்கத்தில் ஏலக்காய் பிரிக்காத கை எது?

ஆக, ஒரு குழுவுக்குப் பலகை, ஒரு குழுவுக்கு ஏலக்காய். பயிற்சிக்கு முன் ஒரு ஸ்கேன், பின் ஒரு ஸ்கேன். ஏலக்காய்க்காரர்களின் மூளையில் கையை நடத்தும் பகுதி கூடுதலாக விழித்திருக்கிறதா? விழித்திருக்கிறது என்று காட்டிவிட்டால் நிதி தந்த அமைப்பு தேவாரத்து அறையைத் தொடர்ந்து நடத்தும். காட்டாவிட்டால் வாடகை நின்றுபோகும். முத்தக்காவின் அறை எங்கள் கணக்கின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் நாட்களில் மேடத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரின் வலது நெற்றிப்பொட்டிலும் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை பிளாஸ்திரியால் ஒட்டுவார். எண்ணெய் நிறைந்த அந்தக் கேப்ஸ்யூல் படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பொட்டு இருக்கும் பக்கம் வலது. கணினி மாற்றிப் போட்டாலும் பொட்டு பொய் சொல்லாது. கூடலூரிலிருந்து வரும் பரமன் அண்ணன், குமுளி மலையில் ஆயுளெல்லாம் ஜீப் ஓட்டியவர், வலது கை விழுந்தவர், ஒவ்வொரு முறையும் கேட்பார்.

“டாக்டரம்மா, மாத்திரய முழுங்கச் சொல்லுவாக, கேட்டிருக்கேன். நீங்க என்ன நெத்தில ஒட்டுறீக?”

“ஒமக்கு எல்லாம் தலைக்கு வெளியிலதான ஒட்டும், பரமன். உள்ள எங்க போகுது?”

“அதுஞ் சரிதான்” என்று சிரித்துக்கொண்டே படுப்பார்.

படம் வந்ததும் மேடம் மூளையைப் பார்க்க மாட்டார். முதலில் மூலையில் இருக்கும் எண். பிறகு பொட்டு. பிறகு படத்தின் நான்கு ஓரங்கள். எல்லாம் பார்த்த பிறகே நடுவுக்கு வருவார். “நடுவுல இருக்கிறதை எல்லாரும் பாப்பாக ஆத்தா. தப்பு ஓரத்துலதான் ஒக்காந்திருக்கும்.”

இனி குலுக்கல். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று வையுங்கள். அது தற்செயலாகவும் வரலாமே? அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. யார் பலகை, யார் ஏலக்காய் என்ற சீட்டுகளைக் கலைத்துப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு திரும்ப ஒட்டு. இப்போது குழு என்பதே வெறும் குலுக்கல். இந்தப் பொய்க் குழுக்களை வைத்து மூளை முழுவதற்கும் கணக்குப் போடு. ஒரு மேப் வரும். திரும்பக் கலை, இன்னொரு மேப். ஆயிரக்கணக்கில். பொய்க் குழுக்களிலேயே நம்முடையதைவிட உயரமான உச்சம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே என்றால் நம்முடையது பெரும்பாலும் தற்செயல் இல்லை.

சிக்கல், ஒவ்வொரு மேப்பும் மூளையை ஒன்பது லட்சம் கட்டமாக வெட்டிய ஒரு பெட்டி. கட்டத்துக்கு ஓர் எண். ஒரு மேப் ஒரு பாட்டு அளவுக்கு இடம் பிடிக்கும். பத்தாயிரம் குலுக்கல், அதுவும் பல கேள்விகளுக்குத் தனித்தனியாக என்றால், எங்கள் சர்வர் தாங்காது. சர்வருக்கு சலீம் ‘முல்லை’ என்று பெயர் வைத்திருந்தான், ஆற்றின் பெயர். டிஸ்க் நிறைவதைத் தினமும் காலையில் வெள்ளைப் பலகையில் அணை நீர்மட்டம் போல அடிக்கணக்கில் எழுதுவான்.

“இன்னைக்கு நூத்தி முப்பத்தெட்டு அடி. நூத்தி நாப்பத்திரண்டு ஆச்சுன்னா எனக்குக் கேரளாவுல இருந்து போன் வந்துரும், ஜெபா. ஷட்டரைத் தொறக்கச் சொல்லு.”

ஷட்டரைத் திறப்பது என்றால் பழையதை அழிப்பது. ஷட்டரின் சாவி மேடத்திடம். மேடம் எதையும் அழிக்க விடமாட்டார். அவருடைய இரும்பு பீரோவில் இருபது வருடத்து எக்ஸ்ரே உறைகள் இருந்தன. நான் போய் நின்று, “மேடம், இந்த மேப்பெல்லாம் அழிச்சிரலாமா?” என்றால் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே சொல் சொல்வார். “இருக்கட்டும்.”

நான் சும்மா இருக்கவில்லை. ஒன்பது லட்சம் கட்டத்தில் முக்கால்வாசி வெறும் காற்று, மண்டைக்கு வெளியே இருக்கும் இடம் என்று பார்த்தேன். மூளை இருக்கும் கட்டங்களை மட்டும் எழுதினால் நாலில் ஒரு பங்காகக் குறையும். இதற்கு மேடம் ஒப்புக்கொண்டார். “காத்துல மூளை இருக்காதுதான்” என்றார். அடுத்து, ஒவ்வோர் எண்ணையும் பதினைந்து இலக்கம் வரை எழுதும் வழக்கத்தை விட்டு ஏழு இலக்கத்தோடு நிறுத்தலாம் என்றேன். ஒரு வாரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். நீர்மட்டம் சட்டென்று இறங்கியது. சலீம் பலகையில் ‘வறட்சி நிவாரணம் கோரப்படுகிறது’ என்று எழுதினான்.

அப்படி மிஞ்சிய இடத்தில் ஐநூறு குலுக்கல்கள் ஓடி முடிந்தன. விடை ஐந்துக்குக் கீழே. ஏலக்காய்க்காரர்களின் மூளையில், கையை நடத்தும் பகுதியில், ஒரு சிவப்புப் பொட்டு!

நான் போனில் கத்தினேன். முத்தக்கா அன்று மாலையே தேனிக்கு வந்துவிட்டார், ஒரு பெட்டி ஜிலேபியோடு. சலீம் ஜிலேபியை வாயில் வைத்துக்கொண்டே அந்தச் சிவப்புப் பொட்டைப் படமெடுத்தான். மேடம் மட்டும் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐநூறுல வந்திருக்கு. பத்தாயிரத்துல பாப்போம்.”

“மேடம், ஐநூறு போதும்னு நிறைய பேர் போடுறாக” என்றேன்.

“அஞ்சுங்கிற கோட்டுல இருந்து தள்ளி இருந்தா போதும். இது கோட்டு மேலயே நிக்கிது. ஐநூறுல இன்னும் ஒரு பத்து பன்னெண்டு நம்மளதைத் தாண்டி வந்திருந்தா அந்தப் பக்கம் விழுந்திருக்கும்.” பிறகு முத்தக்காவைப் பார்த்தார். “முத்து, யாருகிட்டயும் சொல்லிராத.”

முத்தக்கா ஜிலேபிப் பெட்டியை மூடினார். “பரமன் அண்ணன்கிட்டச் சொல்லிட்டேனே மேடம். அவரு இந்நேரம் குமுளி செக்போஸ்டு வரைக்கும் சொல்லியிருப்பாரே.”

ஆக, பத்தாயிரம் குலுக்கல் ஓட வேண்டும். எல்லா மேப்பும் இருக்கவும் வேண்டும். முல்லை மூவாயிரத்தில் நிரம்பி நின்றது. அந்த வாரம்தான் லீவு போட்டு அப்பாவோடு ஏலத்துக்குப் போனேன்.

ஓடி வந்து மேடத்தின் முன்னால் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. “ஒவ்வொரு குலுக்கலும் ஒரு லாட்டு மேடம். அந்த லாட்டோட உச்ச வெல மட்டும் போதும். மூளைல எங்கன வந்தாலும் சரி, அதிகபட்சம் எவ்வளவு, அது ஒண்ணுதான். பத்தாயிரம் குலுக்கலுக்குப் பத்தாயிரம் நம்பர். ஒரு போட்டோ அளவுகூட இருக்காது.”

இது நான் கண்டுபிடித்ததல்ல. பாடத்திலேயே உண்டு, நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் மென்பொருள் மேப்பையெல்லாம் முதலில் எழுதிவிட்டுக் கடைசியில் உச்சங்களைத் தேடும். ஒவ்வொன்றும் வந்ததுமே உச்சத்தை எடுத்துக்கொண்டு மேப்பைக் கையோடு விட்டுவிடலாம் என்பது ஏலத் தரையில் கிடந்த காய்களைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

மேடம் முழுவதையும் கேட்டார். குரலைத் தணித்தார். “எனக்கு நாளைக்கு ஒரு குலுக்கல் மேல சந்தேகம் வருது. அந்த மேப்பைக் காட்டுன்னா எங்கன இருந்து காட்டுவ?”

“விதை இருக்கு மேடம். கலைக்கிறதுக்குக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஆரம்ப எண் குடுப்போம்ல, அதை வச்சிருந்தா அதே கலைப்பு அப்படியே திரும்ப மொளைக்கும்.”

“மொளைக்க வச்சுக் காட்டு.”

மேடம் பழைய மேப்புகளில் தனக்குப் பிடித்த ஒன்றைத் தன் பென்டிரைவில் போட்டுக்கொண்டார். எந்தக் குலுக்கல் என்று எண்ணை மட்டும் சொன்னார். நான் விதையைப் போட்டேன். முளைத்தது வேறு மேப். கொஞ்சமும் ஒட்டவில்லை.

காரணம் பிடிபட இரண்டு நாளானது. முல்லைக்குள் ஒரே நேரத்தில் பல செயலிகள் வேலையைப் பங்குபோட்டு ஓடின. எது முந்துகிறதோ அது அடுத்த சீட்டை எடுக்கும். விதை ஒன்றுதான், ஆனால் யார் எந்த வரிசையில் எடுத்தார்கள் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஒரே பந்தியில் வேறு வேறு ஆள் பரிமாறினால் இலையில் விழுவது மாறுவதுபோல.

மேடம் பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு, “அப்ப மேப்பெல்லாம் இருக்கட்டும்” என்றார்.

விடுவேனா? விதையை நம்ப வேண்டாம். கலைந்த சீட்டுகளின் வரிசையையே எழுதிவைத்தால்? நாற்பது பேர், ஆளுக்கு ஓர் எண். பத்தாயிரம் கலைப்புக்கும் சேர்த்துக்கூட மிகச் சின்ன கோப்பு. ஓடி முடிந்த குலுக்கல்களின் வரிசையை மென்பொருளின் பதிவுகளிலிருந்து பிரித்தெடுத்தேன். மீதியை முன்கூட்டியே கலைத்துச் சேர்த்தேன். வேலை முடிந்ததும் தலைகால் புரியவில்லை. அந்தக் கோப்பை சலீமுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, கீழே எழுதினேன்: ‘உன் முல்லை முழுக்க இதுக்குள்ள அடக்கம். நீ நேத்து அனுப்புன பிரியாணி போட்டோவை விடச் சின்னது.’ அவன் ஒரு கட்டைவிரலை அனுப்பினான்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. புது ஸ்கேன்கள் வரவேண்டும், இடம் இல்லை. சலீம் மேடத்தின் அறை வாசலில் நின்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

“மேடம், குலுக்கல் போல்டரை முல்லையில இருந்து எடுக்கணும். பேக்கப் ஒண்ணு போட்டு வச்சிரவா?”

மேடம் ஒரு படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கட்டும்பா” என்றார்.

சலீம் போனான். போல்டர் போனது. எங்களுக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது.

“ஏலே, பேக்கப் எங்கன?” என்று மேடம் கேட்டபோது அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

“நீங்கதான் மேடம் வேணாம்னு சொன்னீக.”

“நான் வேணாம்னா சொன்னேன்? இருக்கட்டும்னு சொன்னேன்!”

“ஆமா, இருக்கட்டும்னு சொன்னீக. எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிட்ட, இன்னொரு கரண்டி வைக்கட்டுமான்னா, இருக்கட்டும்னுதான் சொல்லுவாக. வேணாம்னு அர்த்தம்.”

“நான் சொன்னது ஒரு பேக்கப் இருக்கட்டும்னு!”

டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. தமிழில் இப்படி ஒரு சொல்லை யார் வைத்தார்களோ! வைத்துக்கொள் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். குரலையும் முகத்தையும் பார்த்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். மேடம் முகத்தைப் படத்திலிருந்து எடுக்கவே மாட்டார்.

ஸ்கேன்கள் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தன. மாதக்கணக்கில் ஓடிய மேப்புகள் மொத்தமும் போயின. என் வரிசைக் கோப்பும் அதே போல்டரில்தான் இருந்தது. முத்தக்காவுக்கு என்ன சொல்வது? அமைப்பு கேட்டிருந்த அறிக்கைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடத்து உறைகளைப் போற்றியவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சலீம்தான் மெதுவாகச் சொன்னான். “ஜெபா... பிரியாணி.”

“என்னது?”

“பிரியாணி போட்டோவை விடச் சின்னதுன்னு பீத்திக்கிட்டு அனுப்புனீல. அது எங்கிட்ட இருக்குல்ல?”

அவன் போனிலிருந்து அந்தக் கோப்பை எடுத்தோம். மேடம் கண்ணைத் திறந்தார், பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். முல்லையிலிருந்த மேப்புகளில் உயிரோடிருந்தது அது ஒன்றுதான். “மொளைக்க வச்சுக் காட்டு” என்றார், அன்று சொன்ன அதே குரலில்.

அந்தக் குலுக்கலின் வரிசையை எடுத்துக் கணக்கை ஓட்டினேன். வந்த மேப்பிலிருந்து பென்டிரைவில் இருந்த மேப்பைக் கழித்து, மிச்சத்தைத் திரையில் போட்டேன். இரண்டும் ஒன்றானால் ஒன்றும் மிஞ்சக் கூடாது.

கறுப்பு.

மேடம் முதலில் மூலைகளைப் பார்த்தார். பிறகு ஓரங்கள். மேலிருந்து கீழே ஒவ்வோர் அடுக்காக நகர்த்தச் சொன்னார். அடுக்கடுக்காகக் கறுப்பு. ஓர் ஊசிமுனை வெள்ளை இல்லை. என் வேலைக்காலத்தில் எத்தனையோ அழகான மூளைப் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே இல்லாத அந்தப் படத்துக்கு எதுவும் ஈடில்லை.

“சரி ஆத்தா” என்றார் மேடம். “ஒன் ஏலத்தை நடத்து.”

பத்தாயிரம் குலுக்கலும் ஓடின. மேப்புகள் எழும், உச்சத்தைக் கொடுக்கும், மறையும். முல்லையின் நீர்மட்டம் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. சலீமுக்குப் பலகையில் எழுத ஒன்றுமில்லாமல் போனது. முடிந்த அன்று உச்சங்களை வரிசைப்படுத்தி, நம்முடையதைவிட உயரமானவை எத்தனை என்று எண்ணச் சொன்னேன்.

நூற்றுக்கு ஐந்துக்கு மேலே. கொஞ்சம்தான். ஆனால் மேலே.

நான் மூன்று தடவை திரும்பப் பார்த்தேன். என்னுடைய கெட்டிக்காரத்தனம் இல்லாமலிருந்தால் முல்லை மூவாயிரத்தில் நின்றிருக்கும். ஐநூறின் ஜிலேபியோடு அறிக்கை போயிருக்கும். முத்தக்காவின் அறை தப்பியிருக்கும்.

“ஐநூறோட நிறுத்தியிருக்கலாம் மேடம்” என்றான் சலீம். எனக்குச் சொல்ல வாய் வராததை அவன் சொன்னான்.

“நிறுத்தியிருந்தா,” என்றார் மேடம், “நம்ம சரக்கை நம்மளே வெல ஏத்திக் கேட்டுக்கிட்ட மாதிரி. போடிக்காரி கிட்டக் கேளு, அதுக்கு அங்க என்ன பேருன்னு.”

அதற்குப் போடியில் இருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

போனில் சொல்ல வேண்டாம் என்று மேடமே தேவாரத்துக்குக் கிளம்பினார்; நானும் போனேன். அறையில் அன்று பரமன் அண்ணனும் இருந்தார். முறத்தில் வலது கை. ஒரு காயைப் பிடித்தார், நழுவியது, பிடித்தார், பக்கத்துக் கிண்ணத்தில் போட்டார். மலைத் தொடர் சன்னலுக்கு மிக அருகில் இருந்தது.

மேடம் உட்காராமலே சொன்னார். “முத்து, பத்தாயிரத்துல கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துருச்சு. இல்லைன்னு சொல்ல வரல. தெரியலைன்னு சொல்ல வந்தேன்.”

“வாடகை குடுக்கிறவகளுக்கு ரெண்டும் ஒண்ணுதான மேடம்?” என்றார் முத்தக்கா. குரலில் கோபம் இல்லை. அதனால்தான் கேட்க முடியவில்லை.

பரமன் அண்ணன் முறத்திலிருந்து தலையைத் தூக்கினார். “அப்ப என் கை அசையலங்கிறீகளா?”

“அசையுது பரமன். நல்லா அசையுது. அது ஏலக்காயால அசையுதா, நாளாவட்டத்துல எப்படியும் அசைஞ்சிருக்குமான்னுதான் எனக்குத் தெரியல. ஆளு கொறைவு. இன்னும் ஒரு மடங்கு பேரு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவர் யோசித்தார். “ஜீப்புல ஏத்துனா இருபது பேரு வருவாக டாக்டரம்மா. உள்ள பத்து, மேல பத்து. எப்பக் கூட்டியாரட்டும்?”

முதலில் முத்தக்காதான் சிரித்தார். பிறகு அழுதார்.

அறிக்கை நேர்மையாகப் போனது. நிதியும் நேர்மையாக நின்றது. சில மாதங்களில் பிரிவை மூடினார்கள். வழியனுப்பு நாளில் சலீம் பேசினான்: “இந்தியாவிலேயே இளம் வயசுல ரிட்டயர்டு ஆன ஜெபா அவர்களுக்குப் பென்சன் கிடையாது, பிரியாணி உண்டு.” கிளம்பும்போது மேடம் என் உள்ளங்கையில் அந்தப் பென்டிரைவை வைத்து மூடினார்.

“இது எதுக்கு மேடம்? இப்ப நம்மதான் மொளைக்க வச்சுக்கிருவோமே.”

“இருக்கட்டும்” என்றார். இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது போடியில் அப்பாவின் ஏலக்காய்க் கடை மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த டயர் கடை மாடிக்கு ஏங்குகிறேனா என்றால், ஏங்குகிறேன். வெள்ளைப் பலகையின் நீர்மட்டத்துக்கு, காற்றடிக்கும் சத்தத்துக்கு, படத்திலிருந்து திரும்பாத அந்த முகத்துக்கு. ஆனால் உட்கார்ந்து ஏங்க எனக்கு நேரமில்லை. முத்தக்கா தேவாரத்தில் தன் வீட்டு முன்னறையில் முறத்தோடு தொடர்கிறார். எங்கள் கடையிலிருந்து காய் போகிறது. மேடம் தன் ஊரில் கிளினிக் வைத்துக்கொண்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதியை மறுபடி வாங்கிவிட்டார். வழக்கமான சோதனைக்காக எப்படியும் ஸ்கேன் எடுப்பவர்களில், சம்மதிப்பவர்களின் படங்கள் எங்களுக்கு வரும். பரமன் அண்ணனின் ஜீப் இரண்டு தடவை வந்துபோய்விட்டது. வந்தவர் எல்லோர் நெற்றியிலும் மாத்திரை. பழைய ஆட்கள் எத்தனையோ அத்தனை பேர் புதிதாகச் சேர்ந்துவிட்டார்கள்.

பழைய ஆட்களையும் இதில் சேர்த்தால் விடை நம் பக்கம் சாயும் என்ற ஆசை வருமென்று மேடத்துக்குத் தெரியும். அதனால் புதியவர்கள் மட்டும், தனியாக. எத்தனை குலுக்கல், எந்தக் கோடு என்று முன்பே எழுதி மேடம், சலீம், நான் மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இடையில் எட்டிப் பார்ப்பதில்லை. ஜிலேபியும் இல்லை. முல்லையை விற்றுவிட்டார்கள், இப்போது என் மடிக்கணினியே போதும். விடை கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் மேடமும் நானும் ஜீப்பில் தேவாரம் போய்ச் சொல்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலையில் ஓட்டப்போகிறோம். சற்றுமுன் சலீம் போன் செய்தான்.

“வரிசைக் கோப்பு வந்துருச்சு ஜெபா. பேக்கப் ஒண்ணு போட்டு வச்சிரவா?”

வாய் வரை வந்த சொல்லை விழுங்கினேன்.

“போடு” என்றேன்.